கேரியரில் போன மீன்

என் அண்ணன் காஜா மொய்தீன் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் மீன் கடை வைத்திருக்கிறான். எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு ஒரு ராத்திரிப் பயணம் ஆகிற ஊர் எங்களுடையது. ஆனாலும் கடல் மீனில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவன் நினைப்பு. ஐஸ் பெட்டியில் புது மீன் ஏதாவது வந்தால் "தெரியாது" என்று அவன் வாயிலிருந்து வரவே வராது. புரட்டிப் பார்ப்பான், செவுளைத் தூக்கிப் பார்ப்பான், தோன்றிய பெயரை வைத்துவிடுவான். அந்தப் பெயரிலேயே அது விற்றும் போகும். அவனைத் திட்டித்தான் ஆரம்பிக்கிறேன். திட்ட வேண்டிய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், என்னையும் சேர்த்து.

நான் மெஹ்னாஸ். ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு போர்டையும் பார்த்து, சரியில்லாததை எடுத்து ஓரமாகப் போடுகிற வேலை. "வந்த மாப்பிள்ளைங்களையும் இவ அப்படித்தான் ஓரமா போட்டா" என்று அண்ணி சபீஹா எல்லோரிடமும் சொல்வாள். பொய்யில்லை. முப்பது வயது தாண்டியும் எனக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. கடைசியில் கிருஷ்ணகிரி தௌசிப்பைப் பிடித்தது. அதுவும் நிச்சயத்தன்றுதான், எங்கள் கொல்லைக் குழாயடியில், ஒரு மீன் தலைக்குப் பக்கத்தில்.

நிச்சயத்துக்கு எல்லோரும் போடுகிற பிரியாணியோடு நிறுத்தினால் மீன்காரன் வீட்டுக்கு என்ன மரியாதை என்று அண்ணனுக்கு ஒரு வீம்பு. அன்றைக்கு மங்களூர் பெட்டியில் ஆளுயரத்துக்கு ஒரு மீன் வந்திருந்தது. கறுத்த பழுப்பு நிறம். தோல் முழுக்கப் பொடி முள். அதைச் சுத்தம் செய்ததில் அண்ணன் கையெல்லாம் கீறிப் போனது. ஆனால் வெட்டியதும் சதை வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஆழ்கடல் வஞ்சிரம்" என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்துவிட்டான். வறுத்து ஒரு துண்டு வாயில் போட்டால் வெண்ணெய்தான். இத்தனை வருஷம் மீன் தின்ற எங்களுக்கே அப்படி ஒரு ருசி புதிது.

தௌசிப் கை கழுவ வந்தவர் பலகையில் கிடந்த தலையைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அங்கேதான் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன மீனுங்க?"

"ஆழ்கடல் வஞ்சிரமாம். எங்கண்ணன் அப்படிச் சொன்னா, அது வஞ்சிரம் இல்லன்னு அர்த்தம்."

சிரித்துவிட்டார். புது வேட்டியோடு குனிந்து உட்கார்ந்து மீனின் கண்ணைப் பார்த்தார். "எவ்ளோ பெருசு பாருங்க. வெளிச்சம் எறங்காத எடத்துல இருக்கிற மீனுங்க இது. அங்க கெடைக்கிற துளி வெளிச்சத்தயாவது புடிக்கணுமில்ல, அதுக்குத்தான் இம்மாம் பெரிய கண்ணு. பகல்ல அடியில கெடக்கும். ராத்திரி ஆனா எர தேடி மேல வரும். திரும்ப விடியறதுக்குள்ள எறங்கிடும்."

"நீங்க கடலுக்கெல்லாம் போயிருக்கீங்களா?"

"இல்லீங்க. கம்பெனி பஸ்ல போறப்ப வீடியோ பாக்கறதுதான்."

அவர் ஓசூரில் பிரஷர் கேஜ்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தார். பத்து மீட்டர் இறங்கினால் ஒரு பார் அழுத்தம் கூடும், ஐந்நூறு மீட்டரில் ஐம்பது பார், அவர்கள் கம்பெனி கேஜ் சில அந்த அளவில் தெறித்துப் போகும் என்றார். மீன் மட்டும் நசுங்காதா என்று கேட்டேன். உடம்புக்குள் காற்று இருந்தால்தான் நசுங்கும், தண்ணியும் சதையுமாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்றார். அப்புறம் அவரே யோசித்தார்.

"ஆனா ஒண்ணு புரியலங்க. மத்த மீனுக்கெல்லாம் காத்துப்பை இருக்கு, அதனால மெதக்குது. தெனம் இவ்ளோ ஆழம் ஏறி எறங்குற மீனு காத்த நம்பி இருக்க முடியாது. அப்ப அடியில போயிடாம எப்படி நிக்குது?"

எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பாத்து சொல்றேன்" என்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மீன் தலையை வைத்துக்கொண்டு ஒருத்தர் மனசைக் கொள்ளையடிக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் கெக்கெக்கே என்று சிரித்திருப்பேன்.

விருந்தில் அண்ணன் நின்றுகொண்டே பரிமாறினான். எங்கள் வீடுகளில் விருந்தாளி "போதும்" என்றால் அது வெறும் மரியாதைப் பேச்சு. கையை வைத்துத் தட்டை மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாகத் துண்டு விழும். வேண்டாம் என்று எழுந்தால் "எங்க வீட்டு சாப்பாடு புடிக்கலையா" என்று கோபித்துக்கொள்வோம். தௌசிப்பின் அத்தா கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அளந்து சாப்பிடுகிற மனிதர். அவர் தட்டிலேயே மலை மாதிரி குவித்தான். மாப்பிள்ளை தட்டுக்கு இன்னும் வை என்று கதவு மறைவிலிருந்து அண்ணனுக்குக் கண்ணைக் காட்டியது நான்தான்.

போகும்போது வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அண்ணி தன் தாய்வீட்டுச் சீரான எவர்சில்வர் கேரியரை இறக்கினாள். அடுக்கடுக்காக மீன் வறுவலை அடைத்துத் தௌசிப்பின் அம்மா தஸ்லிம் மாமி கையில் கொடுத்தாள். மாமி என் கன்னத்தைத் தடவி, "என் பெரியவன் போனப்புறம் ஊட்ல சிரிப்பே இல்லம்மா. நீ வந்தா வரும்" என்றார். மூத்த மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடல் புற்றுநோயில் இறந்திருந்தார். அவர் மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

மறுநாள் கம்பெனியில் எனக்கு நடந்ததைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வயிற்று வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அவசரம்கூட இல்லை. உட்கார்ந்திருந்தபடியே, எனக்குத் தெரியாமலேயே, ஆரஞ்சு நிற எண்ணெய் கசிந்திருந்தது. வெள்ளைக் கோட்டின் பின்பக்கம் கறை. பக்கத்து சீட் சௌமியா பார்த்துவிட்டு "என்னடி இது?" என்றாள். "மெஷின் ஆயில் மேல ஒக்காந்துட்டேன்" என்றேன். பாத்ரூமில் நின்று அழுதேன். என்ன நோய் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. நிச்சயம் ஆன மறுநாள் பெண்ணுக்கு இப்படி ஒன்று என்று வெளியே போனால் கல்யாணம் நிற்கும். அண்ணியிடம்கூட மூச்சு விடவில்லை. இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டது. அப்பாடா என்று இருந்தேன்.

அந்த வாரமே கிருஷ்ணகிரியிலிருந்து போன் வந்தது. தஸ்லிம் மாமிதான் பேசினார். "தௌசிப்புக்கு இப்ப கல்யாணத்துல இஷ்டமில்லங்க. எங்கள மன்னிச்சிடுங்க." காரணம் சொல்லவில்லை. அண்ணன் கத்தின கத்தல் எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை கேட்டிருக்கும். மண்டபம் பேசியாயிற்று, பிரியாணி மாஸ்டருக்குச் சொல்லியாயிற்று, சொந்தமெல்லாம் துணி எடுத்தாயிற்று. நான் கத்தவில்லை. குழாயடியில் போய் உட்கார்ந்தேன். "அவசரமில்ல" என்று சொன்ன வாய்தானே இதையும் சொல்லியிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து வந்து அண்ணனிடம் சொன்னேன்:

"தேதிய மாத்தாத. மண்டபத்த மாத்தாத. மாப்பிள்ளைய மட்டும் மாத்து. எவனா இருந்தாலும் சரி."

கோபத்தில் சொன்னது. அண்ணன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். மத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் அர்பாஸ் வீட்டிலிருந்து முன்பே கேட்டிருந்தார்கள். பேச்சு முடிந்தது, பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் மட்டும் மாறியது. அர்பாஸ் நல்லவர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். என்னிடம் பேசிய முதல் பேச்சே, "வேலைய விட வேணாங்க, ஒங்க இஷ்டம்" என்பதுதான். அவரைக் குறை சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

நடுவில் சௌமியா ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் கணவன் ஹரீஷ்குமார் தௌசிப் வேலை செய்யும் கம்பெனியில்தான் இருந்தான். "தௌசிப் லீவுல இருக்காராம் மெஹ்னாஸ். பெங்களூருக்குப் போயி டெஸ்ட் மேல டெஸ்ட் எடுக்கறாராம். வயித்துல ஏதோ. அவங்கண்ணனுக்கு வந்ததுதானோன்னு பயப்படறாங்களாம்." நான் வீட்டில் சொன்னேன். "அல்லாஹ் காப்பாத்தினான், நல்லவேளை தப்பிச்ச" என்றாள் அண்ணி. நான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கும் ஒன்று வந்து போனதே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அதை நான் மறந்தே போயிருந்தேன், மறக்க வேண்டும் என்றுதானே அத்தனை பாடுபட்டேன்.

மருதாணி வைத்த மறுநாள் காலை. கல்யாண விருந்துக்கும் அதே மீன் வேண்டும் என்று அண்ணன் பெட்டி அனுப்புகிற மங்களூர்க்காரருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். கறுப்புத் தோல், முள், பெரிய கண் என்று அடையாளம் சொன்னான்.

"அதுவா? பேடா பாய், பேடா! வேணவே வேணாம்!" என்று அந்தப் பக்கம் அலறினார் அவர். "அது எண்ணெய் மீனு. தப்பிப் போயி ஒங்க பெட்டியில வந்திருக்கு. அதுல இருக்கிற எண்ணெய் மெழுகு மாதிரி, மனுஷன் வயித்துல செரிக்காது. ரெண்டு துண்டு தின்னா சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. தட்டு நெறைய தின்னா அப்படியே பின்னால வழியும். நோவு இல்ல, சாவு இல்ல, மானம்தான் போகும். விருந்துக்கா போட்டீங்க?"

அண்ணன் கையில் தேங்காய் அப்படியே நின்றது. அண்ணி அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். மூன்று பேர் முகத்திலும் ஒரே சேதி. ஒரே வீட்டில், ஒரே பாத்ரூமை வைத்துக்கொண்டு, மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் துணி அலசியிருக்கிறோம்.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றான் அண்ணன். "ஆழ்கடல் வஞ்சிரம்னு ஊருக்கே சொல்லியிருக்கேன். மீனே தெரியாதவன்னு சொல்லிடுவானுங்க."

உள்ளே போய்ப் போனில் தேடிப் படித்தேன். எல்லாம் இருந்தது. கறுப்பு மீன், முள் தோல், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம், ராத்திரி மேலே வருவது. அதன் சதையில், எலும்பில்கூட, மெழுகெண்ணெய் ஊறியிருக்கும் என்று இருந்தது. தண்ணீரைவிட லேசான எண்ணெய். அந்த எண்ணெய்தான் அதைத் தாங்குகிறது. தௌசிப் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். அதே பதில்தான் அவருடைய நோயும்.

புர்காவை மாட்டினேன். "எங்கடி?" என்று அண்ணி கேட்டாள். "ஒங்க கேரியர் ஒரு மாசமா கிருஷ்ணகிரியிலதான் கெடக்கு, தெனமும் பொலம்புறீங்களே. வாங்கிட்டு வரேன்" என்றேன். தாய்வீட்டுப் பாத்திரம் என்றதும் அவளால் தடுக்க முடியவில்லை. பஸ்ஸில் கை இரண்டையும் புர்கா மடிப்புக்குள் மறைத்து வைத்துக்கொண்டேன். யாரிடமிருந்து மறைத்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தஸ்லிம் மாமி கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் கண் கலங்கினார். "கேரியருக்கு வந்தியாம்மா? நானே அனுப்பியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு." உள்ளே தௌசிப் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். பக்கத்தில் அவர் அத்தா.

நான் உட்காரக்கூட இல்லை. "ஒங்களுக்கு என்ன வந்துச்சு? ஆரஞ்சு கலர்ல எண்ணெய்தான?" என்று கேட்டேன்.

தௌசிப்பின் முகம் வெளுத்தது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கும் வந்துச்சு. எங்கண்ணனுக்கும், அண்ணிக்கும் வந்துச்சு. அது நோவு இல்லீங்க. மீனு. அன்னிக்குக் கேட்டீங்களே, அடியில போயிடாம எப்படி நிக்குதுன்னு. எண்ணெயிலதாங்க நிக்குது. ஒடம்பெல்லாம் எண்ணெய். நமக்கு அது செரிக்காது, அப்படியே வெளிய வந்துடும். அவ்ளோதான்."

அத்தா தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் வந்துச்சு" என்றார் மெதுவாக. "கடையில, மெத்த மேல ஒக்காந்திருக்கிறப்ப. அந்த வெள்ள விரிப்ப நானே ஒளிச்சு எடுத்துட்டுப் போயி தொவச்சேன்."

"யா அல்லாஹ், எனக்கும்தான்!" என்றார் மாமி. "வயசாயிடுச்சு, கட்டுப்பாடு போயிடுச்சுன்னு நெனச்சேனே!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அத்தாதான். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. தௌசிப் முகத்தைக் கையில் புதைத்துக் கொண்டார். தோள் குலுங்கியது.

"எங்களுக்கெல்லாம் ரெண்டு நாள்ல நின்னுச்சு, ஒங்களுக்கு மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தேன்.

"எப்படி நிக்கும்?" என்றார் மாமி. "கேரியர்ல இருந்தத ஒரு துண்டு யாரையும் தொட விடல. பிரிட்ஜ்ல வெச்சுக்கிட்டு வேளாவேளைக்கு இவனே தின்னான். மெஹ்னாஸ் ஊட்டு மீனு, எனக்குத்தான்னு. அது தீர்ற வரைக்கும் போயிட்டே இருந்துச்சு. அண்ணனுக்கு வந்தது வந்துடுச்சு, இன்னொரு பொண்ண அண்ணி மாதிரி நிக்க வெக்க மாட்டேன்னு சொல்லிட்டான். டாக்டருங்க ஒண்ணுமில்லன்னாங்க. பெரியவனுக்கும் மொதல்ல அப்படித்தான சொன்னாங்க, எப்படி நம்புறது?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று நான் மறைத்தேன். என் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்று அவர் மறைத்தார். இரண்டு நல்லெண்ணமும் சேர்ந்து எங்களை நாசமாக்கிவிட்டது.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகமே மாறிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். இனிமே என்ன? நானே வந்து ஒங்கண்ணன் கால்ல விழறேன். பழையபடியே வெச்சுக்கலாம். என்னம்மா?" சமையலறைக்கு ஓடிப்போய்க் கழுவித் துடைத்த கேரியரை எடுத்துவந்து நீட்டினார். வாங்குவதற்காக நான் கையை வெளியே எடுத்தேன்.

முழங்கை வரை மருதாணி.

மாமி கேரியரை விடவில்லை. நானும் விடவில்லை. இருவரும் அதைப் பிடித்தபடி நின்றோம். "எப்போ?" என்று அத்தா கேட்டார். "ஞாயித்துக்கெழம" என்றேன். மாமி கேரியரை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு, "வெறும் பாத்திரமா திருப்பித் தரக்கூடாதும்மா" என்று சொல்லி உள்ளே போனார். டப்பாவிலிருந்து சர்க்கரை கொட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கொட்டினார்.

பஸ் ஸ்டாண்டுக்குத் தௌசிப் கூட வந்தார். கேரியரை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் அர்பாஸ் என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். "நல்ல மனுஷனா?" என்றார். "நல்லவர்தான்" என்றேன். அதற்குப் பதிலாக வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஓசூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். கேரியரை என் கையில் கொடுக்கும்போது தௌசிப் என் விரல்களைப் பார்த்தார்.

"நல்லா செவந்திருக்குங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். "போகாதே" என்று சொல்லியிருந்தால் அந்தப் பஸ்ஸை விட்டிருப்பேன். மண்டபம், பத்திரிகை, அண்ணன் மானம், எல்லாவற்றையும் விட்டிருப்பேன். அர்பாஸிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை என்று எத்தனையோ நாள் அவரைத் திட்டியிருக்கிறேன். நான்? வாயாடி, பத்து பேரை ஒரே பேச்சில் உட்கார வைப்பவள் என்று பேரெடுத்தவள், "என்னக் கூப்பிடுங்க" என்று கேட்கத் துப்பில்லாமல் படியேறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சூளகிரி தாண்டும் வரை மடியில் கேரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அண்ணி கேரியரைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு அடுக்கிலும் விளிம்பு வரை சர்க்கரை. "மரியாதை தெரிஞ்ச மனுஷங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என் நிக்காஹ்வுக்கு அந்தச் சர்க்கரையைப் போட்டுத்தான் பாயசம் வைத்தார்கள். எல்லோரும் குடித்தார்கள், நானும் குடித்தேன்.